ஜெயப்ரியா ஓட்டும் நாளில் மட்டும்

சுப்பராயலு வீட்டு வண்டியைப் பற்றிப் பேசாத வாய் அந்த வருஷம் ஆரணியில் இல்லை. பெரிய வண்டி. எட்டுப் பேர் தாராளமாக உட்காரலாம். பின் சீட்டை மடக்கிப் போட்டால் தறிகளுக்கு ஒரு வாரத்துக்கு வேண்டிய பாவு நூல், பட்டு, சரிகை எல்லாம் ஏறிவிடும். வேலூரில் ஒரு டாக்டர் வீட்டிலிருந்து செகண்ட் ஹேண்டில் வாங்கியது. எஞ்சினைக் குறை சொல்ல முடியாது, டயரைக் குறை சொல்ல முடியாது. கோளாறெல்லாம் ஸ்டியரிங்குக்கு முன்னால் இருக்கிற அந்தக் கண்ணாடிப் பெட்டியில்தான். முள் ஆட வேண்டிய நேரத்தில் ஆடாது, விளக்கு எரியக் கூடாத நேரத்தில் எரியும். அதுவும் எப்போது? சுப்பராயலுவின் மகள் ஜெயப்ரியா ஓட்டும்போது மட்டும். அவருடைய தம்பி குமரேசன் அதே வண்டியைக் காஞ்சிபுரம் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய்வந்தால் ஒரு சிணுங்கல்கூட இருக்காது.

பொம்பளை கை பட்டால் அப்படித்தான் என்று மாவு மில்லில் ஆரம்பித்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பேச்சு. என்ன பேச்சு இது? ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பது வளையல் போட்ட கையா, வாட்ச் கட்டிய கையா என்று வண்டிக்குத் தெரியுமா? ஆனால் இப்படி வாய்விட்டுக் கேட்க லீலாவுக்குத் தைரியம் வரவில்லை. ஜெயப்ரியாவைப் பெற்றவள் அவள். யாராவது வண்டிப் பேச்சை எடுத்தால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று வீட்டைப் பார்த்து நடந்துவிடுவாள்.

விஷயம் இதுதான். சுப்பராயலுவுக்கு முள்ளிப்பட்டிலும் சுற்றுப்பக்கத்திலும் தறிக்காரர்கள் இருந்தார்கள். அவர்கள் வீட்டுக்கே பாவும் சரிகையும் கொண்டுபோய்க் கொடுத்து, நெய்த சேலையை வாங்கிவந்து கடைகளுக்குப் போடுவது அவர் தொழில். போன வருஷம் மாடிப்படியில் சறுக்கி முழங்கால் சில்லு உடைந்து, உள்ளே இரும்புத் தகடு வைத்துத் தைத்தார்கள். கைத்தடி ஊன்றி நடக்கலாம், கிளட்ச்சை மிதிக்க முடியாது. யார் போய்வருவது? குமரேசனுக்குச் சொந்தமாகப் பவர்லூம் கொட்டகை இருந்தது. வண்டியை விற்றுவிடலாம், தறிக்காரர்களை என் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன், ஜெயப்ரியாவுக்கு ஒரு நல்ல இடமாகப் பார்த்து முடித்துவிடலாம் என்றான் அவன். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அண்ணன் கஷ்டப்படக்கூடாது என்றுதான் சொன்னான்.

அப்போதுதான் ஜெயப்ரியா வாயைத் திறந்தாள். வேலூரில் ஹாஸ்டலில் தங்கி பி.காம். படித்தபோதே வண்டி ஓட்டக் கற்று லைசென்சும் எடுத்து வைத்திருக்கிறாள் என்பதே அன்றைக்குத்தான் வீட்டுக்குத் தெரிந்தது. எந்தத் தறியில் என்ன சேலை ஓடுகிறது, எந்தக் கடைக்காரர் எந்தக் கலரைக் கேட்பார் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. நானே போய்வருகிறேன் என்றாள். குமரேசன் சிரித்தான். சுப்பராயலு சிரிக்கவில்லை. வெகுநேரம் கைத்தடியின் பிடியைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, தை பிறக்கிறவரைக்கும் பார்க்கலாம் என்றார். அதுவரை ஒழுங்காக ஓட்டிக் காட்டினால் சாவியும் தொழிலும் அவளுக்கு. இல்லாவிட்டால் தம்பி சொன்னபடிதான், அப்புறம் யாரும் தன்னிடம் வந்து அழக்கூடாது.

லீலாவுக்கு அன்றைக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் பாவு பிணைக்கிறவள். தறியில் பழைய பாவு தீரும் இடத்தில் புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து முடிச்சுப் போடுகிற வேலை அது. அவள் போட்ட முடிச்சு கண்ணுக்கே தெரியாது என்று தறிக்காரர்கள் சொல்வார்கள். ஆனால் அந்தப் பாவை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனதெல்லாம் ஆம்பிளைகள். செய்யாறுக்குக்கூட அவள் தனியாக பஸ் ஏறியதில்லை. தன் வயிற்றில் பிறந்தது அவ்வளவு பெரிய வண்டியை ரிவர்ஸில் எடுத்து, தெருமுனையில் ஒடித்துத் திருப்பியதைப் பார்த்தபோது அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கூடவே பயமும் வந்தது. ரோட்டில் லாரிகள் போகிற போக்கு அப்படி.

பயந்தவள் சும்மா இருப்பாளா? தனக்குத் தெரிந்ததைச் செய்தாள்.

அவர்கள் வீட்டு வழக்கம் ஒன்று உண்டு. தறியில் புதுப் பாவு ஏற்றினால், அசல் சரிகையில் ஒரு விரல் நீளம் எடுத்து, யார் கண்ணும் படாத இடத்தில் கட்டிவைப்பார்கள். காப்பு என்று பேர். அந்தப் பாவு தீர்ந்து கடைசிச் சேலையை அறுக்கிற அன்றைக்கு அதை அவிழ்த்துக் கிணற்றில் போட வேண்டும். நடுவில் அவிழ்க்கக்கூடாது, வேலை முடிந்தபின் விட்டுவைக்கவும் கூடாது. கட்டியதை யாரிடமும் சொல்லவும் கூடாது, சொன்னால் பலிக்காதாம். லீலா அதையே வண்டிக்குச் செய்தாள்.

வண்டியில் எங்கே கட்டுவது? காப்பு கட்டுகிற இடம் உயிர் ஓடுகிற இடமாக இருக்க வேண்டும். ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கிற இடத்தில் ஃபியூஸ் பெட்டி இருந்தது. அதன் மூடி டாக்டர் வீட்டிலேயே தொலைந்துபோயிருந்தது. குனிந்து பார்த்தால் சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் என்று ஒயர்கள் கொத்துக்கொத்தாக இறங்கும். லீலா கண்ணுக்கு அது பாவு மாதிரியே இருந்தது. வண்டிக்கு உயிர் இங்கேதான் என்று அவளே முடிவு பண்ணிக்கொண்டாள். ஜெயப்ரியா குளித்துவிட்டு வருவதற்குள், வண்டியைத் துடைக்கிற சாக்கில் துணியோடு போய், ஒயர்களுக்கு நடுவில் விரலை விட்டு, ஃபியூஸ்களின் சின்னச் சின்னத் தகரக் கால்களைச் சுற்றிச் சரிகையை இழுத்துக் கட்டி முடிச்சுப் போட்டாள். மகள் பத்திரமாகத் திரும்பி வந்து சாப்பிட உட்கார்ந்ததும், மறுபடி அதே துணியோடு போய் அவிழ்த்து வந்து கிணற்றில் போட்டாள்.

முதல் நாள் முள்ளிப்பட்டுப் போகும் வழியிலேயே வேகம் காட்டுகிற முள் செத்துப்போனது. ஜெயப்ரியா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த தடவை டீசல் முள் நிறைந்திருப்பதாகக் காட்டிக்கொண்டே இருந்து, செய்யாறு ரோட்டில் வண்டி காலி டேங்கோடு நின்றது. குமரேசன் கேனில் டீசல் வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரில் போனான். பார்க்காமலா ஓட்டுவ என்று நடுரோட்டில் கேட்டான். பார்த்துத்தான் ஓட்டினேன், ஃபுல் என்று காட்டியது என்றாள் அவள். அவன் வண்டியை வீட்டுக்கு ஓட்டிவந்து, லீலாவும் துணியோடு போய்வந்த பிறகு, சுப்பராயலுவைக் கூட்டிப்போய்ச் சாவியைத் திருகிக் காட்டினான். முள் சரியாக இருந்தது.

அதோடு விட்டதா? ஐப்பசி மாசம், வானத்தில் ஒரு மேகம் இல்லை. பஸ் ஸ்டாண்டு எதிரில் போக்குவரத்து நெரிசலில் நிற்கும்போது வைப்பர் தானாகக் கிளம்பி, காய்ந்த கண்ணாடியைக் கரகரவென்று துடைக்க ஆரம்பித்துவிட்டது. நிறுத்தினாலும் நிற்கவில்லை. இண்டிகேட்டர் வலதும் இடதுமாக மின்னியது. டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்து வந்து வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்தர், தங்கச்சி மழை வரப்போவுதா என்று கேட்டார். ஜெயப்ரியா நேராகப் பார்த்தபடி ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வேலூர் ரோட்டில் குப்புராஜ் என்று ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன். ஒவ்வொரு தடவையும் மறுநாள் வண்டி அவனிடம்தான் போனது. அவன் பேட்டரியைப் பார்த்தான், ஃபியூஸ் போயிருந்தால் மாற்றினான், மீட்டரைக் கழற்றிப் பூட்டினான். ஒன்றும் கிடைக்கவில்லை. வண்டி என்னைப் பார்த்தால் நல்ல பிள்ளையாக ஆகிவிடுகிறது, உங்கள் பெண் ஓட்டினால்தான் அடம் பண்ணுகிறது என்று தலையைச் சொறிந்தான். அவன் விளையாட்டாகச் சொன்னது. குமரேசன் அதைப் பிடித்துக்கொண்டான். வாசலில் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் எலக்ட்ரீஷியனே சொல்லிவிட்டான் என்றான்.

லீலா என்ன செய்வாள்? வண்டி ஒருமுறை அடம் பண்ணினால் அடுத்த தடவை சரிகையை இரண்டாக முறுக்கிக் கட்டினாள். அதற்கும் அடங்காதபோது மூன்றாக முறுக்கினாள். காப்பு போதவில்லை என்றுதான் அவளுக்குத் தோன்றியதே தவிர, வேறு எதுவும் தோன்றவில்லை. பாவம், நல்லதுதானே செய்துகொண்டிருந்தாள்.

மார்கழி பிறந்தது. செய்யாறில் ஒரு கல்யாண வீட்டில் சேலை எடுக்க வேண்டும், கல்யாணப் பெண்ணின் அம்மா கலரைப் பற்றி லீலாவிடமே கேட்க வேண்டும் என்றார்கள். ஆக அம்மாவும் மகளும் வண்டியில் போவதாக ஏற்பாடு. இந்தத் தடவையும் ஏதாவது ஆனால் தை வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை என்று சுப்பராயலு முந்தின நாள் ராத்திரி சாப்பாட்டில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். குமரேசன் வண்டியை வாங்க ஆள்கூடப் பார்த்து வைத்திருந்தான்.

காலையில் லீலா தன் காப்பைக் கட்டிவிட்டுப் போய், குளித்து உடுத்தி வந்து பார்த்தபோது, சுப்பராயலு வாசற்படியில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார். வெளுத்துப் போட்ட வேட்டியில், முழங்கால் பக்கத்தில் கறுப்பாகக் கிரீஸ் தீற்று. எங்கே போய்த் தேய்த்துக்கொண்டீர்கள் என்று கேட்டாள். வாசல் கேட்டின் கீலில் பட்டுவிட்டது என்றார். காலைத் தூக்கி வைக்க முடியாத மனுஷருக்கு கேட்டில் என்ன வேலை என்று முணுமுணுத்துக்கொண்டே, வேறு வேட்டி எடுத்துக் கொடுத்தாள். அப்புறம் போய் வண்டியில் உட்கார்ந்தாள்.

போகும்போது ஒன்றும் ஆகவில்லை. கல்யாண வீட்டில் சேலைகளைப் பிரித்துப் பிரித்துக் காட்டி, பேசி முடித்து, காபி குடித்துக் கிளம்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. ஆரணி ரோட்டில் பாதி வழியில் ஜெயப்ரியா ஹெட்லைட்டைப் போட்டாள். கொஞ்ச தூரம் நன்றாகத்தான் எரிந்தது. அப்புறம் ஏதோ தீய்கிற வாசனை வந்தது. மீட்டரில் இருந்த முள்ளெல்லாம் ஒன்றாக எழுந்து ஒன்றாகப் படுத்தன. ஹெட்லைட் அணைந்தது. உள்ளே வெளியே எங்கேயும் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. எதிரில் ஒரு லாரி முழு வெளிச்சத்தோடு வந்துகொண்டிருந்தது.

லீலா சீட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஆனால் ஜெயப்ரியா பிரேக்கைப் போட்டு அழுத்தவில்லை. ஹாரனை அடித்தாள், அதுவும் ஊமை. ஜன்னல் கண்ணாடியைக் கையால் சுற்றிச் சரசரவென்று இறக்கி, தலையை வெளியே நீட்டி, ரோட்டோரப் புளியமரங்களில் அடித்திருந்த வெள்ளைப் பட்டையைப் பார்த்துக்கொண்டே, ஒவ்வொரு கியராக இறக்கி, வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக இடது பக்கம் ஒதுக்கி மண்ணில் இறக்கினாள். லாரி காற்றடித்துக்கொண்டு கடந்து போனது. வண்டி இரண்டு மரங்களுக்கு நடுவில் பூப்போல நின்றது.

மகள் கை வந்து லீலாவின் தொடைமேல் உட்கார்ந்தது.

"ம்மா, நான் தப்பா ஓட்றேனா?" என்றாள் ஜெயப்ரியா. "உன் கண்ணால பாத்துகினுதான இருந்த. சொல்லு."

"இல்லடி. சத்தியமா இல்ல."

"அப்புறம் ஏம்மா எனக்கு மட்டும் இப்பிடி ஆவுது?"

லீலா மகளின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பரவாயில்லை, நாளைக்குக் காலையில் நானே அப்பாவிடம் சாவியைக் கொடுத்துவிடுகிறேன் என்று ஜெயப்ரியா இருட்டைப் பார்த்துச் சொன்னாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட லீலாவுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். ஸ்டியரிங்குக்குக் கீழே கையை விட்டு, உன்னை நம்பித்தானே கட்டினேன் என்று அந்தக் காப்பைப் பிய்த்தெறிய வேண்டும்போல் அவளுக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் வேலை முடியாமல் நடுவில் அவிழ்க்கக்கூடாதே. கையை மடக்கிக்கொண்டாள்.

அந்த வழியாக வந்த டிராக்டர்க்காரர் ஒருவர் கயிறு கட்டி இழுத்துவந்தார். வண்டி வீட்டுக்குப் போகாமல் நேராகக் குப்புராஜ் கடை வாசலில் போய் நின்றது. லீலா துணியோடு போக வழியே இல்லை.

காலையில் எல்லாரும் அங்கே இருந்தார்கள். சுப்பராயலு தம்பியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு வந்திருந்தார். கடைக்குள் ஒரு பழைய கார் சீட்டைப் போட்டிருந்தார்கள், அதில் உட்கார்ந்தார். ஜெயப்ரியா சாவியை அவர் கையில் வைத்தாள். அவர் அதைச் சட்டைப் பையில் போடாமல் உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். குமரேசன் செல்போனில், வண்டி கேட்டவரோடு பேசிக்கொண்டிருந்தான்.

குப்புராஜ் டெஸ்ட் லாம்ப்பை வாயில் கவ்விக்கொண்டு, டிரைவர் சீட்டுக்குக் கீழே மல்லாக்கப் படுத்துத் தலையை உள்ளே விட்டான். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து, அடப்பாவமே என்றான். வெளியே வந்து கையை விரித்துக் காட்டினான். பாதி கருகியும் பாதி மினுங்கியும் சரிகை.

"ஃபியூஸ் கால சுத்திகினு இருந்துச்சு மொதலாளி. எல்லாத்தையும் ஒண்ணோட ஒண்ணு சேத்துட்டுருக்குது. வெள்ளிக்கம்பி இல்ல அது? கரண்டு போவாம இன்னா செய்யும்?"

பாவு பிணைக்கப் போகிற குமரேசனின் பவர்லூம் கொட்டகையில் மோட்டார் பக்கம் ஒரு துண்டு சரிகை கிடந்தால் போதும், சுவிட்ச் போர்டு பற்றிக்கொள்ளப் போகிறது என்று ஆட்களை விரட்டி விரட்டிப் பெருக்க வைப்பவள் இதே லீலாதான். கரண்டு என்றால் தெருக்கம்பத்திலிருந்து வருவது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். பேட்டரியில் ஓடுகிற வண்டிக்குள்ளும் அதே கரண்டுதான் ஓடுகிறது என்று அவள் புத்திக்கு எட்டவே இல்லை. வேகமுள், டீசல்முள், வைப்பர், நேற்று அந்த லாரி. எல்லாம் அவள் கட்டியது. மகளைக் காப்பாற்ற என்று கட்டிக் கட்டி அவளே மகளை லாரிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறாள்.

குமரேசன் போனை வைத்துவிட்டு வந்தான். சரிகையைப் பார்த்தான், ஜெயப்ரியாவைப் பார்த்தான். சரிகைக் கட்டை முன் சீட்டில் போட்டுக்கொண்டு போயிருப்பாள், உதிர்ந்து உள்ளே விழுந்திருக்கும், இதற்குத்தான் பொறுப்பு வேண்டும் என்பது என்றான். லீலா மகளைப் பார்த்தாள். ஜெயப்ரியா குப்புராஜ் கையிலிருந்த சரிகையில் ஒரு இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே கண்ணுக்கே தெரியாத ஒரு முடிச்சு. ஊரில் அந்த முடிச்சைப் போடத் தெரிந்த விரல் யாருடையது என்று அவளுக்குத் தெரியாதா? நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். ஒரு நொடிதான்.

"ஆமா சித்தப்பா," என்றாள். "நான்தான் பாக்காம வுட்டுட்டேன்."

லீலாவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. காப்பு பலித்தால் பலிக்கட்டும், பலிக்காவிட்டால் போகட்டும் என்று முன்னால் வந்து நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து மச்சினன் எதிரில் குரலை உயர்த்தாதவள், கடை வாசல் வரைக்கும் கேட்கிற மாதிரி பேசினாள்.

"அவ ஒண்ணும் வுடல. நான்தான் கட்டினேன். காப்பு கட்டினேன், அவ போறப்ப கட்டி வந்ததும் அவுத்துடுவேன். அதான் நீ ஓட்டினா ஒண்ணும் ஆவல. எம்பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல."

குமரேசன் சிரிக்க ஆரம்பித்தான். விழுந்து விழுந்து சிரித்தான். எங்க ஆளுங்களை அந்தப் பாடு படுத்துவீங்களே அண்ணி, நீங்களா என்றான். குப்புராஜுக்கும் சிரிப்பு வந்தது. அவன் அதை அடக்கிக்கொண்டு, மறுபடி குனிந்து உள்ளே கையை விட்டு இன்னொரு துண்டை உருவினான். முக்கால்வாசி கருகியிருந்தது.

"இதுவும் உங்களுதாக்கா? லைட்டு ஒயரைச் சுட்டது இதுதான்."

லீலா வாங்கிப் பார்த்தாள். இது அவள் முடிச்சு இல்லை. பெரிய முடிச்சு, இரண்டு சுற்று சுற்றி இழுத்து இறுக்கியது. சேலை மூட்டைக்குப் போடுகிற முடிச்சு. அவள் கட்டிய சரிகை லைட்டை ஒருநாளும் தொட்டதில்லை. நேற்றுக் காலை வேட்டியில் பார்த்த கிரீஸ் தீற்று அவளுக்கு ஞாபகம் வந்தது. தகடு வைத்த காலை எப்படி மடக்கினார்? எவ்வளவு நேரம் அந்தச் சீட்டுக்குக் கீழே கிடந்தார்? அவள் சுப்பராயலு பக்கம் திரும்பவே இல்லை.

"ஆமா," என்றாள். "அதுவும் நான்தான்."

குமரேசன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். கைத்தடி தரையில் ஒருமுறை தட்டியது.

"அவ கட்டினா முடிச்சு அப்பிடியா கீது?" என்றார் சுப்பராயலு. "அது என்னுதுடா."

குமரேசன் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அவன் அண்ணன் காலைப் பார்த்தான். சுப்பராயலு யாரையும் பார்க்கவில்லை, உள்ளங்கையில் இருந்த சாவியைப் பார்த்துப் பேசினார். வண்டியோடு ரோட்டில் போகிற மகளை நினைத்தால் ஒவ்வொரு தடவையும் தூக்கம் வரவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் மனசு வரவில்லை, நேற்று அம்மாவும் சேர்ந்து போகிறாளே என்று கட்டினேன் என்றார். கண்டிப்பாகப் பேசிப் பேசியே பழகிய மனுஷர், அதைச் சொல்லி முடிப்பதற்குள் குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. லீலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

குப்புராஜ் இரண்டு மணி நேரத்தில் கருகிய ஒயரை மாற்றி, ஃபியூஸ் பெட்டிக்குத் தகரத்தில் ஒரு மூடி வெட்டி ஆணியடிக்காத குறையாகத் திருகு போட்டு மூடினான். இனிமேல் சாமியே வந்தாலும் இதைத் திறந்து கட்ட முடியாது என்றான். சுப்பராயலு சாவியை ஜெயப்ரியா பக்கம் நீட்டினார். முள்ளிப்பட்டில் இரண்டு தறி பாவுக்காக நிற்கிறது, ஜல்தி கிளம்பு என்று மட்டும் சொன்னார். குமரேசன் தள்ளிப்போய் செல்போனில் யாருக்கோ, வண்டி கொடுக்கிற மாதிரி இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

ஜெயப்ரியா சாவியை வாங்கினாள். ஆனால் வண்டியில் ஏறவில்லை. பின் சீட்டில் இருந்த சரிகைக் கட்டிலிருந்து ஒரு இழையை உருவி, அம்மாவிடம் கொண்டுவந்து வலது கையை நீட்டினாள்.

"வண்டிக்கு ஏம்மா கட்டின? போறவ நான்தான. எனக்குக் கட்டு."

லீலா கட்டினாள். முதல் தடவை அவளுக்கே அந்த முடிச்சு சரியாக விழவில்லை, அவிழ்த்து மறுபடி கட்டினாள். ஜெயப்ரியா இன்னொரு இழையை உருவி அப்பாவின் முன்னால் போய்க் குந்தி உட்கார்ந்தாள். சுப்பராயலு கைத்தடியைச் சாய்த்து வைத்துவிட்டு, தனக்குத் தெரிந்த அந்த ஒரே முடிச்சை, மூட்டை கட்டுகிற மாதிரியே இரண்டு சுற்று சுற்றி இழுத்து இறுக்கினார்.

அன்றைக்கு முள் எல்லாம் ஒழுங்காக ஆடியது. பொழுது சாய்கிறபோது அவள் திரும்பி வந்து, ஹெட்லைட்டை அணைத்து, வண்டியைப் பூட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள். வழக்கப்படி லீலா காப்பை அவிழ்க்க வந்தாள். தன்னுடையது நகம் பட்டதும் அவிழ்ந்துவிட்டது. சுப்பராயலு கட்டியது அசையவில்லை. பல்லால் கடித்து இழுத்துப் பார்த்தாள், ம்ஹூம். கத்தரி எடுத்துவரத் திரும்பியபோது ஜெயப்ரியா கையை இழுத்துக்கொண்டாள்.

"இருக்கட்டும்மா," என்றாள், சோற்றைப் பிசைந்துகொண்டே. "நாளைக்கும் போவணும் இல்ல?"